படகு போகாத நேரம்

புகைக்கு ஒருத்தர், தண்ணீருக்கு ஒருத்தர், புழுவுக்கு ஒருத்தர், இந்த மூன்று பேரையும் கட்டி மேய்க்க ஒருத்தர். அந்தக் குடும்பம் தொழிலை அப்படித்தான் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. மேய்க்கிறவர் மாமனார். புகை அவருடைய மகன். புழு அவருடைய மகள். தண்ணீர், மருமகள்.

என்ன தொழில் என்று கேட்டால், மின் நிலையம் கட்டப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கொடுக்கிற தொழில். கட்டும்போது எவ்வளவு தூசி கிளம்பும், லாரிகள் எந்தத் தெருவைப் பாடாய்ப் படுத்தும், ஓடத் தொடங்கியபிறகு புகை எந்தப் பக்கம் போகும், சூடான தண்ணீர் எங்கே போய் விழும், அங்கே இருக்கிற உயிர்களெல்லாம் என்ன கதியாகும் என்று அளந்து அறிக்கை எழுதித் தர வேண்டும். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் அரசாங்கம் அனுமதி கொடுக்கும். மாடியில் வீடு, கீழே அலுவலகம். சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியில் பால் எது, கழிமுகத்துத் தண்ணீர் எது என்று பார்த்து எடுக்க வேண்டிய வீடு அது. கல்யாணமான புதிதில் மருமகள் ஒருமுறை பார்க்காமல் எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள். நல்லவேளை, மூக்கு காப்பாற்றியது.

அவளை முதலில் வேலைக்கு எடுத்தது மாமனார்தான். அதற்கு அப்புறம்தான் மகன் வீட்டுக்கு எடுத்தான். "நான் பார்த்து எடுத்த ஆளை இவன் தட்டிக்கிட்டுப் போயிட்டான்" என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மருமகளுக்கும் அவரிடம் கொள்ளைப் பிரியம். தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் சண்டை போட்டுச் சம்பாதித்தது. ஆனால் இதுவரை போட்ட சண்டைகள் எல்லாம் சின்னச் சண்டைகள்.

கழிமுகத்தின் ஓரம் ஏற்கெனவே ஒரு மின் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது யூனிட் கட்டப்போகிறார்கள். கழிமுகத்துத் தண்ணீரை உறிஞ்சி, எந்திரத்தைக் குளிரவைத்து, சூடாக ஒரு வாய்க்கால் வழியாகத் திருப்பி விடுவார்கள். அப்படி வந்து விழுகிற தண்ணீர் பக்கத்துத் தண்ணீரைவிட ஐந்து டிகிரிக்குமேல் சூடாக இருக்கக் கூடாது, அதுதான் வரம்பு. இரண்டு வருஷமாகப் பருவத்துக்குப் பருவம் படகில் போய் அளந்திருந்தார்கள். மூன்று டிகிரிதான் வித்தியாசம். இரண்டாவது யூனிட் வந்தாலும் நாலரையைத் தாண்டாது என்று கணக்குச் சொன்னது. அறிக்கை தயார். தண்ணீர்ப் பகுதிக்கு மருமகள் கையெழுத்து மட்டும் பாக்கி.

அப்போதுதான் நாத்தனார் புழுவைக் கிளப்பினாள்.

"அண்ணி, இங்க வந்து கொஞ்சம் எட்டிப் பாருங்க."

நாத்தனார் உருப்பெருக்கியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வாய்க்கால் முகத்துச் சேற்றிலிருந்து சல்லடையில் சலித்தெடுத்த சின்னச் சின்னப் புழுக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணும்போது அவளோடு பேசினால் கடித்துவிடுவாள். அவளே கூப்பிட்டாள் என்றால் விஷயம் இருக்கிறது.

"என்னடி?"

"தள்ளி இருக்கற சேத்துல பதினெட்டு வகை இருக்கு. வாய்க்கால் பக்கத்துச் சேத்துல ரெண்டே வகை. அதுவும் சூட்டைத் தாங்கற வகை. மூணு டிகிரிக்கெல்லாம் இதுங்க இப்படிக் குடும்பத்தோட காலி பண்ணிட்டுப் போகாது."

"சேறே வேற மாதிரி இருக்கலாம்ல? மணல் கூட இருந்தா?"

"அதையும் பாத்துட்டேன். ஒரே சேறுதான். உங்க தெர்மாமீட்டர் பொய் சொல்லுது, இல்ல என் புழு பொய் சொல்லுது. என் புழுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

மருமகளுக்குச் சுருக்கென்றது. தெர்மாமீட்டரை அவள் தன் கையால் சரிபார்த்திருந்தாள். அதில் கோளாறு இருக்கவே முடியாது. அவள் தன் வேலையில் சந்தேகப்பட்டுப் பழகாதவள். அது அவளுடைய பலம், சில சமயம் தலைவலியும் அதுதான். "நாளைக்கே போய் அளந்து காட்டறேன், உன் புழுவோட வண்டவாளம் தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். போனால், படகு சேற்றின்மேல் ஒய்யாரமாகச் சாய்ந்து படுத்திருந்தது. தண்ணீர் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. படகுக்காரர் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர், இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"என்னம்மா, ஃபோன் பண்ணாம வந்துட்டீங்க? தண்ணி வத்திக் கிடக்கே. மத்தியானத்துக்கு மேல ஏறிடும், அப்ப போலாம்."

"எப்பவும் அப்படித்தானா அண்ணே?"

"பின்ன? தண்ணி இருந்தாத்தானே படகு."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவள்தான் அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

கடல் ஏறும்போது கழிமுகம் நிரம்பும், இறங்கும்போது வற்றும். நிரம்பி இருக்கும்போதுதான் படகு மிதக்கும். படகு மிதக்கும்போதுதான் இவர்கள் அளப்பார்கள். இரண்டு வருஷம், எல்லாப் பருவமும், ஓர் அளவுகூட விடாமல், தண்ணீர் நிறைந்திருக்கும் நேரத்தில் மட்டுமே எடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாய்க்காலில் வருகிற சூடு அவ்வளவு தண்ணீரில் கரைந்துபோகும். போதாததற்கு, ஏறுகிற கடல் அந்தச் சூட்டுத் தண்ணீரை உள்ளே, ஆறு வருகிற பக்கம், தள்ளிக்கொண்டு போகும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று இவர்கள் தேர்ந்தெடுத்த 'சூடில்லாத இடம்' எங்கே இருந்தது? உள்ளேதான் இருந்தது. ஆக, சூட்டைச் சூட்டோடு ஒப்பிட்டுவிட்டு வித்தியாசம் குறைச்சல் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வோர் எண்ணும் சுத்தமான எண். மொத்தமாகச் சேர்த்தால் சுத்த அபத்தம்.

"அண்ணி, என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"உன் புழுதான் ஜெயிச்சுது. செருப்பைக் கழட்டு."

"எதுக்கு?"

"நடந்து போய் அளக்கப் போறோம்."

சேறு முழங்கால்வரை இழுத்தது. படகுக்காரர் கரையிலிருந்து "பலகை போட்டுப் போங்கம்மா" என்று கத்தி, இரண்டு பலகைகளைத் தள்ளிவிட்டார். ஒரு பலகையில் நின்றுகொண்டு அடுத்ததை முன்னால் போட்டு, அதில் ஏறிப் பழையதைப் பிடுங்கி, இப்படியே போனார்கள். நாத்தனார் இரண்டு தடவை உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். "இதுக்குத்தான் படிக்க வச்சாரா எங்கப்பா" என்று வழி முழுக்கப் புலம்பல். வாய்க்கால் முகத்துக்கு நேர் எதிரே, இருநூறு மீட்டர் தள்ளி, வழக்கமாகப் படகிலிருந்து அளக்கும் அதே இடத்தில் தண்ணீர் கணுக்காலளவுதான் ஓடியது. மருமகள் தெர்மாமீட்டரை இறக்கினாள். பிறகு சூடு எட்டவே முடியாத பக்கத்து ஓடைக்கு நடந்துபோய் அங்கே ஒன்று எடுத்தாள். திரும்ப வந்து மறுபடியும் எடுத்தாள்.

ஏழு டிகிரி.

"இப்பவே ஏழா? ஒரே யூனிட்டுக்கா?" நாத்தனாருக்குப் புலம்பல் நின்றுபோயிற்று.

"ரெண்டாவதும் வந்தா பத்தைத் தாண்டும். மீன் குஞ்சு, இறால் குஞ்சு எல்லாம் பொரிஞ்சு வளர்ற இடம் இந்தச் சேறுதான். தெனம் ரெண்டு வேளை வெந்நீர் ஊத்தப் போறோம்."

சேற்றில் நின்றபடியே அவள் முடிவு செய்துவிட்டாள், மூன்று டிகிரி அறிக்கையில் கையெழுத்துப் போடுவதில்லை என்று. அதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. கலக்கம் வேறு இடத்தில் இருந்தது. படகில் எப்போது போவது, எங்கே அளப்பது, எந்த இடத்தோடு ஒப்பிடுவது என்று திட்டம் போட்டவர் மாமனார். இத்தனை வருஷத் தொழிலில் அவருடைய அறிக்கை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த மனுஷனிடம் போய், நீங்கள் அடிப்படையிலேயே கோட்டைவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால்? கீழே வேலை போகும். மாடியில் நிம்மதி போகும். ஒரே படிக்கட்டுதான் இரண்டுக்கும்.

அன்று மாலையே சொல்லிவிட்டாள். அலுவலகத்துப் பெரிய மேஜையில், கணவனும் நாத்தனாரும் இருக்கும்போதே. சுற்றி வளைக்கவில்லை. படகு, கடல் ஏற்றம், ஒப்பிட்ட இடம், ஏழு டிகிரி.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தத் திட்டம் யார் போட்டது தெரியுமாம்மா?"

"தெரியும் மாமா. நீங்க."

"தெரிஞ்சேதான் சொல்றியா?"

"தெரிஞ்சதாலதான் எல்லார் முன்னாடியும் சொல்றேன். உங்களுக்குப் பின்னாடி சொன்னாத்தான் தப்பு."

"நீ ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை அளந்திருக்க. நான் ரெண்டு வருஷம் அளந்திருக்கேன்."

"நீங்க ரெண்டு வருஷமும் ஒரே நேரத்தைத்தான் மாமா அளந்தீங்க."

மகன் தொண்டையைச் செருமினான். ஏதோ சொல்லப்போகிறான் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் எடுத்துக் குடித்தான், அவ்வளவுதான்.

மாமனார் எழுந்தார். கதவருகே போய் ஃபோனை எடுத்தார். மின் நிலையத்துத் தலைமைப் பொறியாளரோடு மறுநாள் கூட்டம் இருந்தது, அறிக்கையை முடித்துக் கையில் கொடுப்பதற்காக. "நாளைக்கு வேணாம் சார், அடுத்த வாரம் வச்சுக்கலாம்... ஆமா, நானே நேர்ல வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

"போச்சு. நேர்ல போய்க் காதும் காதும் வச்ச மாதிரி முடிக்கப் போறார்" என்றாள் மருமகள்.

"நான் உன் பக்கம்தான்" என்றான் கணவன், மெதுவாக.

"அதை உங்கப்பா இருக்கும்போது சொல்லியிருந்தா மாலையே போட்டிருப்பேன். போங்க, போய் உங்க புகையைப் பாருங்க."

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. மாமனார் அவளோடு பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாத்திரச் சத்தம் மட்டும்தான். சாப்பிட்டதும் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்துகிற கதவைப் பார்த்து மருமகளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அறிக்கையிலிருந்து அவளுடைய பெயரை எடுத்துவிட்டு வேறு யாரையாவது தண்ணீருக்குப் போடத்தான் உள்ளே உட்கார்ந்து ஏற்பாடு செய்கிறார் என்று நினைத்தாள். போடட்டும். பொய்யான மூன்றுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நினைக்கிறதை நினைத்துவிட்டு, அவள் வேலையைத்தான் பார்த்தாள். கழிமுகத்தின் நடுவில், எவ்வளவு வற்றினாலும் வற்றாத ஆழக் கால்வாய் ஒன்று இருந்தது. குழாய் போட்டுச் சூடான தண்ணீரை அதில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டாள். இரண்டு யூனிட் ஓடினாலும் மூன்றரைக்குள் அடங்கியது. கணக்கை இரண்டு விதமாகப் போட்டும் அதே விடைதான். அப்புறம்தான் அவளுக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

கூட்டம் மின் நிலையத்திலேயே. தலைமைப் பொறியாளருக்கு ஜெனரேட்டர் என்று பெயர் வைத்திருந்தாள் நாத்தனார். ஆரம்பித்தால் நிற்க மாட்டார், சத்தமும் ஜாஸ்தி. அறையில் அவருடைய ஆட்கள் நாலைந்து பேர், மேஜைமேல் தேநீர், சுவரில் இரண்டாவது யூனிட்டின் பெரிய வரைபடம்.

"கடைசிக் கட்டத்துல இருக்கோம், அடுத்த மாசம் அஸ்திவாரம் தோண்டணும்னு ஆளெல்லாம் சொல்லியாச்சு..." என்று ஜெனரேட்டர் தொடங்கினார். மாமனார் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மருமகள் ஒருமுறை அவரைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, இனி யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்று அவள் எழுந்துவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். படகு ஏன் தவறான நேரத்துக்குப் போனது, சேற்றில் புழு ஏன் இல்லை, ஏழு டிகிரி எப்படி வந்தது, பத்து டிகிரி எப்படி வரும். குழாய் போட்டால் மூன்றரைக்குள் அடங்கும் என்பதையும், போடுகிறவரைக்கும் தண்ணீர் வற்றுகிற நேரத்தில் மட்டும் மின் உற்பத்தியைக் குறைத்து ஓட்டலாம் என்பதையும் சொன்னாள்.

ஜெனரேட்டருக்கு முகம் சிவந்துவிட்டது. இப்போது ஓடுகிற யூனிட்டே வரம்பு மீறுகிறது என்றால் பதில் சொல்ல வேண்டியது அவர்தானே.

"என்னம்மா விளையாடறீங்களா? ரெண்டு வருஷமா மூணு மூணுன்னு சொல்லிட்டு இன்னிக்கு வந்து ஏழுங்கறீங்க! சேத்துல ஒரு நாள் நடந்துட்டு வந்து என் மின் நிலையத்தையே நிறுத்தச் சொல்றீங்க!" அவர் மாமனார் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பெரியவங்க. உங்க அளவு என்ன, இவங்க அளவு என்ன? எது சரின்னு நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்றதை நான் ஏத்துக்கறேன்."

மருமகள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இனி அவர் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் இருக்கிறது எல்லாம்.

மாமனார் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார்.

"இங்க உக்காந்து எப்படிச் சொல்றது? வாங்க, வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வருவோம்."

எல்லோரும் பின்னால் போனார்கள். கழிமுகம் அவ்வளவு வற்றி மருமகள் பார்த்ததே இல்லை. அன்று அவள் நடந்த இடத்தைத் தாண்டியும் சேறு விரிந்து கிடந்தது. மாமனார் கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். காலுறையை உருட்டி உள்ளே வைத்தார். பேன்ட்டை முழங்காலுக்குமேல் மடித்துவிட்டார். பக்கத்தில் படகுக்காரரின் இரண்டு பலகைகள் கிடந்தன.

"அப்பா, வேணாம்ப்பா, வழுக்கும்!" என்று மகன் ஓடினான்.

"நீ ஒரு பலகையைப் பிடி. அதுவாவது செய்."

எழுபது வயது மனுஷன் பலகை பலகையாகச் சேற்றில் இறங்கிப் போனார். மகன் பலகை மாற்றிப் போட்டான். வழியில் பக்கத்து ஓடையில், சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்தார். பிறகு வாய்க்கால் எதிரே போனார். அங்கே ஓடிய தண்ணீருக்குள் காலை வைத்தவர் வெடுக்கென்று ஒரு நொடி எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

அவர் நிமிர்ந்து, கரைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"என் மருமக சொன்னது தப்பு!"

நாத்தனார் மருமகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஜெனரேட்டர் "நான் சொல்லலை?" என்று தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏழு இல்ல சார். எட்டரை!"

அவர் சேற்றில் நின்றபடியே தொடர்ந்தார். "அவ போன அன்னிக்குத் தண்ணி முழுசா வத்தல. இன்னிக்கு அமாவாசை. அமாவாசை, பௌர்ணமிக்குத்தான் அடியோட வத்தும். அதுக்குத்தான் கூட்டத்தை இந்தத் தேதிக்கு, இந்த நேரத்துக்குத் தள்ளி வச்சேன். ஒரு வாரமா ரூமுக்குள்ள உக்காந்து என் திட்டத்தைக் காப்பாத்த ஏதாவது வழி இருக்கான்னு பாத்தேன். ஒண்ணும் கிடைக்கல. படகை நம்பினது நான். அந்த மூணு என்னோடது, அதைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வாரமாக அந்தச் சாத்திய கதவை எப்படியெல்லாம் திட்டியிருந்தாள்! கூடவே கோபமும் வந்தது. அமாவாசையை எப்படி விட்டேன், எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? அழுகையும் கோபமும் சேர்ந்து கடைசியில் சிரிப்பாகத்தான் வந்தது.

ஜெனரேட்டர் வாய்க்காலைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டு, தானும் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். மகன் கொண்டுவந்த பலகையில் தட்டுத்தடுமாறிப் போய், அந்தத் தண்ணீரில் கையை விட்டார். விட்ட கையை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"சரி சார்" என்றார். முதல்முறையாக அவருக்குக் குரல் தணிந்திருந்தது. "அந்தக் குழாயை எதுவரைக்கும் கொண்டுபோகணும்?"

"என்னை ஏன் கேக்கறீங்க?" என்றார் மாமனார். "தண்ணி அவ பொறுப்பு. அவளைக் கேளுங்க."

ஜெனரேட்டர் சேற்றில் நின்றபடி கரைப்பக்கம் திரும்பினார். "எதுவரைக்கும்மா?"

மருமகள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். "வாங்க, காட்டறேன்" என்று அவரையும் தாண்டி முன்னால் நடந்தாள்.